செம்பனைத் தோட்டமும் உண்ணிக் காய்ச்சலும்



சில வாரங்களுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நுண்ணுயிர் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நோய் பரப்பும் உயிரினங்கள் எனக் கொசு, ஈ, எலி என்று வெண்பலகையில் எழுதி வந்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். "ஐயா, தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். அது மாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிதானா?" என்று கேட்டான். "ஆமாம், அதுதான்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். மணி அடித்த பிறகும் அந்த விடை என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் கூறிவிட்டோமே என்ற உறுத்தல் அது. வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டினேன். என் விடை தவறு என்பது முதல் மாலையிலேயே தெரிந்துவிட்டது. ஆயினும் படிப்பதை நிறுத்த இயலவில்லை. காரணம், அந்நோயின் வரலாற்றில் பெரும்பகுதி நம் நாட்டிலேயே, நம்மவர் உழைத்த தோட்டங்களிலேயே நிகழ்ந்திருக்கிறது. கட்டுரை சற்று நீளமானது. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் உண்ணிக்கு வருவோம். மாட்டின் காதுமடலிலும் மடிப்பகுதியிலும் ஆமணக்கு விதைபோல் உப்பிக் கிடக்கும் உண்ணியைப் பழைய தோட்டத்து மக்கள் எல்லாரும் அறிவர். (ஆமணக்குக்கு இலத்தீன் மொழியில் வழங்கும் பெயருக்கே உண்ணி என்றுதான் பொருள். எங்கோ இருந்த உரோமானியனுக்கும் நம் பாட்டிக்கும் ஒரே உவமை தோன்றியிருக்கிறது!) உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று, சிலந்திக்கும் தேளுக்கும் உறவினது. முட்டையிலிருந்து வெளிவரும்போது அதற்கு ஆறு கால்கள். வளர்ந்த பின் எட்டு. வாழ்நாளில் பலமுறை குருதி குடிக்கும். ஓர் உயிரிடம் குடித்த குருதியோடு நோய்க்கிருமியையும் வாங்கி, அடுத்த உயிரிடம் சேர்ப்பது அதற்கு எளிது.

இவ்வாறு உண்ணி மனிதனுக்கு நோய் தருவதை ஐயமின்றிக் காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ். மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் மக்களைக் கொன்றுவந்த புள்ளிக் காய்ச்சலை அவர் ஆராய்ந்தார். நோயுற்ற கினிப்பன்றியைக் கடித்த உண்ணியை நலமான கினிப்பன்றியின்மீது விட்டு, நோய் கடத்தப்படுவதை 1906-இல் மெய்ப்பித்தார். தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்கும் கிருமி செல்லக்கூடும் என்பதையும் அவர் கண்டார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ரிக்கெட்ஸ் 1910-இல் மெக்சிகோ நகரில் டைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்று, அந்நோய்க்கே இரையானார். உயிரணுவுக்குள் புகுந்து மட்டுமே பெருகக்கூடிய அவ்வகைப் பாக்டீரியாக்களுக்கு ரிக்கெட்சியா என்று அவர் பெயரையே சூட்டினர்.

என் மாணவன் கேட்ட காய்ச்சலின் கிருமி இந்த ரிக்கெட்சியாவின் நெருங்கிய உறவு. முன்பு அதையும் ரிக்கெட்சியா என்றே அழைத்தனர். 1995-இல் தனிப் பேரினமாகப் பிரித்து ஓரியன்சியா எனப் பெயரிட்டனர். ஆனால், அதைச் சுமப்பது மாட்டுண்ணி அன்று. உண்ணியின் குலத்தில் பிறந்த, கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய ஒன்று. மலாய்க்காரர் அவ்வகைச் சிற்றுயிர்களைத் துங்காவ் என்பர். நாம் இங்கே சிற்றுண்ணி என்று வைத்துக்கொள்வோம். மனிதனைக் கடிக்கும் பருவத்தில் அதன் நீளம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், எழுதுகோலால் வைக்கும் புள்ளியைவிடச் சிறியது.

இந்நோயை முதலில் முறையாக அறிந்தவர்கள் ஜப்பானியர். நீகாத்தா, அகிதா, யமகாத்தா வட்டாரங்களில் ஆற்று வெள்ளம் வடிந்த நிலங்களில் வேலை செய்த உழவர்களுக்கு இக்காய்ச்சல் வந்தது. நீகாத்தாவில் சமயப் பணியாற்றிய தியோபால்ட் பாம் என்னும் மருத்துவர் 1878-இலும், தோக்கியோவில் பணியாற்றிய செருமானிய மருத்துவர் பேல்ஸ் தம் ஜப்பானியத் துணைவர் கவாக்காமியுடன் சேர்ந்து 1879-இலும் இதைப் பற்றி எழுதினர். உழவர்களோ அதற்கு முன்பே ஒரு சிவந்த சிற்றுயிரின்மீது பழி சுமத்தியிருந்தனர். சுசுகாமுசி என்ற பெயரில் உள்ள முசி என்பது பூச்சி, புழு போன்ற சிற்றுயிரைக் குறிக்கும் சொல். படித்தவர் கண்டுபிடிக்கும் முன்னே பாமரர் கண்டுகொண்டது மருத்துவ வரலாற்றில் பலமுறை நிகழ்ந்திருக்கிறது.

இனி மலாயாவுக்கு வருவோம்.

கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900-இல் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர் என்னும் ஆங்கில மருத்துவர் இந்தக் கதையின் நடுநாயகர். அவரைப் பற்றித் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. 1905-இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு பகுதியினருக்கு நம்மவர் உண்ணும் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்து, பெரிபெரி நோய் பச்சரிசி உண்டவரையே தாக்குவதைக் காட்டியவர் அவர். சீனச் சுரங்கத் தொழிலாளர் பெரிபெரியால் மடிந்துகொண்டிருந்தபோது தோட்டத்துத் தமிழர் பெரும்பாலும் தப்பியதற்குக் காரணம் அவர்கள் கைவிடாத புழுங்கலரிசிதான். ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒன்று காப்பாற்றியது. ஆனால், எந்தப் பழக்கமும் காப்பாற்ற இயலாத நோயொன்று தோட்டத்துப் புல்லில் காத்திருந்தது.

அந்நாளில் தோட்டத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா. மருந்து என்றால் கொய்னா. காட்டை அழித்து, பள்ளங்களில் நீர் தேங்கி, கொசு பெருகிய காலம் அது. மலேரியா உண்மையிலேயே ஆயிரக்கணக்கில் கொன்றது. ஆதலின் கொய்னாவுக்குக் கட்டுப்படாத காய்ச்சல் ஒன்று நடுவில் ஒளிந்திருந்தாலும் அதைத் தனியே காண்பது எளிதன்று. பத்து, பதினைந்து நாள் விடாத காய்ச்சல், தாளாத தலைவலி, சிவந்த கண், சிலருக்கு உடலில் செம்புள்ளி, பின் பிதற்றல். தோட்ட மருத்துவமனையின் பதிவேட்டில் மலேரியா என்றோ டைபாய்டு என்றோ எழுதி முடித்திருப்பர்.

1920-களில் பிளெட்சரும் அவருடைய துணைவர் லெஸ்லரும் இத்தகைய காய்ச்சல்களை ஆய்வுக்கூடத்தில் பிரித்தறிய முற்பட்டனர். அதற்கு அவர்கள் கையாண்ட முறையைச் சற்று விளக்க வேண்டும். நோயிலிருந்து மீள்பவரின் குருதியைச் சிறிது எடுத்து உறையவைத்தால் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதை ஒரு நுண்ணுயிர்க் கரைசலில் விட்டால், அந்த உடல் எதிர்த்துப் போரிட்ட நுண்ணுயிராக அது இருப்பின், பால் திரிவதுபோல் கரைசல் திரியும். முதல் உலகப் போரின்போது 1916-இல் வெயில், ஃபெலிக்ஸ் என்ற இருவர் டைபஸ் நோயாளியிடம் புரோட்டியஸ் என்னும் நுண்ணுயிரின் ஒரு வகையைக் கண்டனர். அதற்கு எக்ஸ் 19 என்று பெயர். டைபஸ் நோயாளிகளின் தெளிநீர் அதைத் திரியச் செய்தது. வியப்பு என்னவெனில், எக்ஸ் 19 டைபசுக்குக் காரணமே அன்று! உண்மைக் குற்றவாளியின் முகச்சாயலைக் கொண்ட அப்பாவி அது. ஆயினும் குற்றவாளியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க இயலாத காலத்தில் சாயல் கொண்டவனை வைத்து அடையாளம் காண்பது பெரிய உதவியாக இருந்தது.

பிளெட்சரின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் 19 எனப் பெயர் ஒட்டிய இரண்டு வளர்ப்புகள் இருந்தன. ஒன்று வார்சா நகர வழி வந்தது. மற்றொன்றை கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஒன்றே என்றுதான் எல்லாரும் எண்ணினர். ஆனால், சோதனையில் விந்தையான விளைவு கிடைத்தது. பட்டணத்துக் கடைகளிலும் பண்டகசாலைகளிலும் வேலை செய்து காய்ச்சலுற்றவர்களின் தெளிநீர் வார்சா வகையைத் திரியச் செய்தது. கிங்ஸ்பரி வகையைத் தொடவில்லை. புல்வெளியிலும் தோட்டத்திலும் வேலை செய்து காய்ச்சலுற்றவர்களின் தெளிநீரோ கிங்ஸ்பரி வகையை மட்டும் திரியச் செய்தது. கிங்ஸ்பரி கொண்டுவந்த குப்பியில் இருந்தது எக்ஸ் 19 அன்று, வேறொரு வகை. குப்பியின்மீது ஒட்டியிருந்த பெயர் தவறு!

கவனக்குறைவான ஆய்வாளராக இருந்தால், இரண்டாவது வளர்ப்பு கெட்டுவிட்டது என்று கழுவி ஊற்றியிருப்பார். பிளெட்சர் ஊற்றவில்லை. தவறான குப்பி ஏன் ஒரு சாரார்க்கு மட்டும் விடையளிக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து இரண்டு நோய்கள் பிரிந்தன. பட்டணத்தில் வருவது எலித்தெள்ளுவழிப் பரவும் டைபஸ் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தோட்டத்தில் வருவது வேறு. அதைப் புதர் டைபஸ் என்றனர். 1925-இல் பிளெட்சரும் லெஸ்லரும் தம் முடிவுகளைக் கழகத்தின் வெளியீடாக அச்சிட்டனர். கிங்ஸ்பரியின் பெயரின் முதலெழுத்து, ஓ.எக்ஸ்.கே. என்ற சோதனைப் பெயரில் உலகெங்கும் மருத்துவமனைகளில் நிலைத்தது. (தவறான விடை சொன்ன ஆசிரியனாகிய எனக்கு இந்தப் பகுதி மிகவும் ஆறுதல் தந்தது என்பதை மறைப்பானேன்!)

புதர் டைபஸ் நோயாளிகள் யார்? புல்லோடு புழங்கியவர்கள். குறிப்பாக, செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள். மலாயாவில் செம்பனை வணிகப் பயிராக 1917-இல் சிலாங்கூரில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. நட்டவர் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே. தோட்டத்தின் பெயரோ நல்ல தமிழ். 1920-களில் செம்பனைத் தோட்டங்கள் பெருகின. அங்குக் காடு வெட்டி, களை பிடுங்கி, குலை சுமந்தவர்களுள் தமிழர் மிகப் பலர்.

ரப்பர்த் தோட்டத்தைவிடச் செம்பனைத் தோட்டத்தில் ஏன் மிகுதி? இங்குத்தான் நிலத்தின் கதை வருகிறது. அடர்ந்த காட்டுக்குள் இந்நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருந்தது. காட்டை வெட்டித் தீயிட்டதும் முதலில் முளைப்பது லாலாங் புல். வெட்டிய நிலத்தைக் கவனிக்காமல் விட்டால் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். லாலாங்கில் எலி பெருகும். செம்பனை காய்க்கத் தொடங்கினாலோ உதிர்ந்த பழம் எலிக்கு விருந்து. எண்ணெய் நிறைந்த உணவும், ஓலைக் குவியலில் மறைவிடமும் கிடைத்தபின் எலிக்கு என்ன குறை? (பிற்காலத்தில் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகைகளைக் கூடு வைத்து வளர்த்தனர் என்பது தனிக்கதை.) எலி பெருகினால் எலியின் காதில் ஒட்டி உண்ணும் சிற்றுண்ணியும் பெருகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோலாலம்பூரில் இந்நோயை ஆராய்ந்த ரால்ஃப் ஆடி என்னும் அறிஞர், மனிதன் நிலத்தை மாற்றும் முறையே இந்நோய்க்கு வீடமைத்துக் கொடுக்கிறது என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்து எழுதினார். சிவப்புச் சிற்றுண்ணிகளையும் டைபசையும் பற்றிய அவருடைய நூல் 1968-இல் வெளிவந்தது. லாலாங் வெளிகளில் வாழும் சிற்றுண்ணி இனம் ஒன்றின் அறிவியற் பெயரிலேயே பிளெட்சரின் பெயர் நிற்கிறது.

சரி, சிற்றுண்ணி மனிதனுக்கு நோயை எவ்வாறு தருகிறது? இதில்தான் மாட்டுண்ணிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு. வளர்ந்த சிற்றுண்ணி யாரையும் கடிப்பதில்லை. எட்டுக் காலோடு மண்ணுக்குள் திரிந்து, பூச்சிகளின் முட்டைகளையும் பிற நுண்ணிய உயிர்களையும் தின்று வாழ்கிறது. ஆறு கால் குஞ்சுப் பருவத்தில் மட்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, வெப்பக் குருதி உயிர் ஒன்றின்மீது ஏறுகிறது. அப்போதும் குருதியைக் குடிப்பதில்லை. தோலில் வாயைப் பதித்து, உமிழ்நீரால் திசுவைக் கரைத்து, அந்தச் சாற்றை உறிஞ்சுகிறது. சில நாள்களில் வயிறு நிறைந்ததும் விழுந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. கடித்தது தெரியாது, வலியும் இல்லை.

ஒரே முறை உண்ணும் உயிர் எப்படி ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு நோயைக் கடத்தும்? கொசுவையும் தெள்ளையும் அறிந்திருந்த ஆய்வாளர்களுக்கு இது பெரும் புதிர். விடை, ரிக்கெட்ஸ் உண்ணியில் கண்டதுதான். கிருமி தாயிடமிருந்து முட்டைக்குச் செல்கிறது. புல்நுனியில் காத்திருக்கும் குஞ்சு பிறக்கும்போதே அதைச் சுமந்து பிறக்கிறது. நெடுங்காலம் எலியே கிருமியின் ஊற்று என்று கருதினர். உண்மையில், நோயுற்ற எலியிடம் உண்ட குஞ்சு கிருமியைப் பெற்றுத் தன் வழித்தோன்றல்களுக்குக் கொடுப்பது அரிது. எலி சோறு போடுகிறது. கிருமியைக் காப்பது சிற்றுண்ணியின் தாய்வழிதான். மனிதனோ வழிதவறி நடுவில் அகப்பட்டவன். அவனைக் கடித்த குஞ்சு இனி யாரையும் கடிக்கப்போவதில்லை. அவனிடமிருந்து அடுத்தவனுக்கும் நோய் தாவுவதில்லை. லயத்தில் அடுத்தடுத்த வீட்டார் நோயாளியைத் தொட அஞ்சியிருந்தால் அந்த அச்சம் வீண்.

குஞ்சுகள் தாமாக வெகுதொலைவு செல்வதில்லை. ஒரு தாய் முட்டையிட்ட இடத்திலேயே கூட்டமாகக் காத்திருக்கும். ஆதலின் நோய் தோட்டம் முழுவதும் பரவி இராமல், சில அடி அகலமுள்ள திட்டுகளாக இருக்கும். ஆய்வாளர்கள் இவற்றைச் சிற்றுண்ணித் தீவுகள் என்றனர். ஒரு திட்டில் அமர்ந்து உணவு உண்டவர்கள் எல்லாரும் பத்துப் பன்னிரண்டு நாளில் படுக்கையில் விழ, இருபது அடி தள்ளி அமர்ந்தவர்களுக்கு ஒன்றும் நேராமல் போகலாம்.

இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. அவர் சிலாங்கூர்த் தோட்டமொன்றில் புல்வெட்டு வேலையில் இருந்தவர். ஒரு குறிப்பிட்ட மேட்டில் யாரும் உட்கார்ந்து சோறு உண்ணமாட்டார்களாம். முன்பு அங்கு அமர்ந்த நால்வரை முனி அடித்து, இருவர் பிழைக்கவில்லை என்பார். காலையில் பிரட்டில் கங்காணி அந்தப் பக்கம் வேலை பிரித்துக் கொடுத்தால், பெண்கள் மஞ்சள் துணி முடிந்துகொண்டு போவார்களாம். சிறுவயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். பாட்டி சொன்ன நோய் இதுதான் என்று என்னால் உறுதிகூற இயலாது, மலேரியாவாகவும் இருந்திருக்கலாம். ஆனால், குறிப்பிட்ட மேடு என்றாரே, அது இப்போது என்னைச் சிரிக்கவிடவில்லை.

நோயின் அடையாளம் ஒன்று உண்டு. கடித்த இடத்தில் சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, நடுவில் கருத்த பொருக்கு உண்டாகும். சுருட்டு நெருப்புச் சுட்ட வடுப்போல் இருக்கும். குஞ்சு கால்வழி ஏறி, ஆடை இறுகும் இடம்வரை போய்த் தங்கும். ஆகவே இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய மறைவிடங்களில்தான் பொருக்கு மிகுதியாகக் காணப்படும். ஆடையை விலக்கித் தேடாத மருத்துவர் அதைக் காணமாட்டார். கரிய தோலில் தேடினாலும் எளிதில் புலப்படாது. பலருக்குப் பொருக்கே தோன்றுவதும் இல்லை. இதனால் மலாயாவில் நெடுநாள் குழப்பம் நிலவியது. பொருக்கு இருந்தால் ஜப்பானிய ஆற்றுக் காய்ச்சல், இல்லாவிட்டால் புதர் டைபஸ் என இரண்டு நோய்களாக எண்ணினர். ரேமண்ட் லூத்வெயிட் என்ற ஆங்கிலேயரும் எஸ்.ஆர். சாவூர் என்ற இந்திய ஆய்வாளரும் 1930-களில் கோலாலம்பூரில் பல்லாண்டுகள் விலங்குகளில் சோதித்து, ஒன்றிலிருந்து மீண்ட விலங்கு மற்றொன்றையும் தாங்கி நிற்பதைக் கண்டு, இரண்டும் ஒன்றே என நிறுவினர். அவர்களுடைய முடிவு 1940-இல் இலண்டன் மருத்துவ இதழில் வந்தது. சாவூரின் பெயர் நம் பாடநூல்களில் இல்லை. ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

போர் வந்தது. பர்மாவிலும் நியூகினியிலும் புல்வெளியில் பாசறை அமைத்த படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்கு ஆளாயினர். தோட்டத்துத் தொழிலாளியின் நோயாக இருந்தவரை மெதுவாக நகர்ந்த ஆராய்ச்சி, படைவீரனின் நோயானதும் ஓட்டம் பிடித்தது. ஆடைகளில் சிற்றுண்ணியைக் கொல்லும் மருந்து தடவினர். தடுப்பூசி செய்ய முயன்றனர். அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த டோரா லஷ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், 1943-இல் மெல்பர்னில் சுண்டெலிக்கு ஊசி போடுகையில் தம் விரலில் குத்திக்கொண்டு, நோயுற்று இறந்தார். தம் குருதியை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு நோய்ப்படுக்கையிலும் அவர் ஒத்துழைத்தார். தடுப்பூசியோ இன்றுவரை வரவில்லை.

மருந்து கிடைத்தது கோலாலம்பூரில். வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து குளோராம்பெனிக்கால் என்னும் மருந்தை 1947-இல் அமெரிக்கர் பிரித்தெடுத்திருந்தனர். ஜோசப் ஸ்மேடல், தியோடர் வுட்வார்ட் முதலியோர் அடங்கிய அமெரிக்கப் படைமருத்துவக் குழு அதை எடுத்துக்கொண்டு 1948 மார்ச்சில் இங்கு வந்து, லூத்வெயிட், சாவூர் ஆகியோருடன் இணைந்தது. 25 நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தனர். மருந்து பெறாத 12 பேருடன் ஒப்பிட்டனர். மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 31 மணி நேரத்தில் காய்ச்சல் தணிந்தது. அவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை. மற்ற 12 பேரில் ஒருவர் இறந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் மனிதனை உருக்கிய காய்ச்சல் ஒன்றரை நாளில் இறங்கியதைக் கண்ட மருத்துவர்களின் மகிழ்ச்சியை எண்ணிப் பாருங்கள்.

அங்கும் ஒரு தவறு உதவிற்று. புதர் டைபஸ் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்ட நோயாளி ஒருவருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவரும் தேறினார்! உடனே டைபாய்டு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். பத்துப் பேரின் விவரத்தை அதே ஆண்டு வெளியிட்டனர். அதுவரை நேரடி மருந்தே இல்லாதிருந்த டைபாய்டுக்கு உலகில் முதல் மருந்து நம் தலைநகரில் இவ்வாறுதான் கண்டறியப்பட்டது.

அந்த 25 பேர் யார் என்று தேடிப் பார்த்தேன். நோயாளியின் பெயரை வெளியிடாதிருப்பது மருத்துவ மரபு. அதில் குறைகாண இயலாது. ஆனால், பிளெட்சர் காலம்தொட்டு ஆய்வுக்கூடத்துக்குக் குருதி கொடுத்த தோட்டத் தொழிலாளர்களுக்கு வேறு எந்த ஏட்டிலும் இடமில்லை. நினைவு மண்டபங்களில் மருத்துவர்களின் படங்கள் உண்டு. எண்ணும் வயதும் தொழிலும் மட்டுமாக அட்டவணைக்குள் நிற்பவர்களைப் பற்றி நம்மவர்தாம் எழுதிவைத்திருக்க வேண்டும். அவர்களோ எழுதத் தெரியாதவர்கள். எழுதத் தெரிந்த நாம் தமிழ்ப்பள்ளிக்கு வருவதற்குள் பாதி மறந்துபோயிற்று.

மருந்து வந்தபின் நோய் ஒழிந்ததா என்றால் இல்லை. 1984-இல் வெளியான ஆய்வொன்று, மலேசியக் கிராமப்புற வட்டாரம் ஒன்றில் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்ந்த 1,629 பேரை ஆராய்ந்தது. மற்ற எல்லாக் காரணங்களையும்விட மிகுதியாகக் காணப்பட்டது புதர் டைபஸ், 19.3 விழுக்காடு. மலேரியா 6.2 விழுக்காடுதான். செம்பனைத் தொழிலாளர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் 46.8 விழுக்காடு! அதாவது, காய்ச்சலோடு வந்த செம்பனைத் தொழிலாளர் இருவரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்நோய். பிளெட்சர் சுட்டிக்காட்டி அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே தொழில், அதே நோய். அதற்குள் செம்பனையில் உழைத்தவர்கள் தமிழர் மட்டுமல்லர். நிலக் குடியேற்றத் திட்டங்களில் மலாய்க்காரரும் இருந்தனர். இன்றோ இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர். புல்லுக்கு இனவேறுபாடு தெரியாது.

இப்போது குளோராம்பெனிக்காலின் இடத்தில் பெரும்பாலும் டாக்சிசைக்கிளின் மாத்திரையே கொடுக்கப்படுகிறது. தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோர் விரைவில் தேறுகின்றனர். காலம் தாழ்ந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எனப் பல உறுப்புகள் பழுதடைந்து உயிரிழப்பு நேர்கிறது. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்ற பெயரில் செய்தியாவது இதே நோய்தான். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்கிளினையும் அசித்ரோமைசினையும் நரம்புவழி ஒருங்கே செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிடச் சிறந்தது என்று காட்டிய பெரிய ஆய்வை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்டனர்.

மறுவாரம் வகுப்பில் என் விடையைத் திருத்திக்கொண்டேன். மாட்டுண்ணி அன்று, அதன் குலத்தில் பிறந்த வேறொன்று என்று படம் வரைந்து விளக்கினேன். கரும்பொருக்கைப் பற்றிச் சொன்னபோது மாணவர்கள் முகம் சுளித்தனர். கேள்வி கேட்ட மாணவன் மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, பள்ளி விடும் நேரத்தில் அவனுடைய தாத்தா வாயிலருகே எனக்காகக் காத்திருந்தார். எழுபதுகளில் பகாங் மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் களைக்கொல்லி தெளித்தவராம். அங்கிருந்தபோது பதினாறு நாள் காய்ச்சலில் கிடந்ததையும், என்ன காய்ச்சல் என்று எவரும் தமக்குச் சொல்லவில்லை என்பதையும் கூறினார். பின் சட்டையைச் சற்றே உயர்த்தி, கால்சட்டையின் வார் படியும் இடத்தில் ஒரு சிறு வட்ட வடுவைக் காட்டினார். "சுருட்டு சுட்ட வடுன்னு எல்லாரும் சொன்னாங்க, வாத்தியாரே. நான் சுருட்டே பிடிச்சதில்ல" என்றார்.